பாட்டில் பச்சையும் மூக்குப்பொடிக் கலரும்

தம்பி பிளஸ் டூ முடித்த கோடையில் எங்கள் வீட்டுக்கு ஒரு போர் விமானம் வந்தது. சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா ஊருக்கு வந்தபோது கொண்டுவந்த அட்டைப்பெட்டி அது. மூடியில் மிக் விமானம் பறக்கிற படம். திறந்து பார்த்தால் உள்ளே விமானம் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் இறக்கை தனியாக, வால் தனியாக, சக்கரம் தனியாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து, தேய்த்து, பசை போட்டுப் பொருத்தி, கடைசியில் பெயிண்டும் நாமே அடிக்க வேண்டுமாம். காசையும் கொடுத்து வேலையையும் நாமே செய்வதா, நல்ல வியாபாரமாக இருக்கிறதே என்றேன். தம்பி படக்குறிப்புத் தாளை விரித்துவைத்துக்கொண்டு அப்போதே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்கு விமானப் பைத்தியம் சின்ன வயதிலிருந்தே உண்டு. சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டதும் முதலில் போன இடம் அவனியாபுரம் தாண்டி விமான நிலைய வேலிதான். அந்தக் காலத்தில் மதுரைக்கு நாளைக்கு ஒன்றோ இரண்டோ விமானம் வரும். அதற்காக வெயிலில் காத்துக் கிடந்து முகம் கறுத்துத் திரும்புவான். அந்த வருஷம் விமானப்படையில் சேர்வதற்கான எழுத்துத் தேர்வை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தான். பைலட் ஆவது ஒன்றுதான் அவன் நினைப்பு. வேறு எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பம் வாங்கவே மாட்டேன் என்று அடம் பிடித்தான். அப்பா திட்டித் தீர்த்த பிறகுதான் ஒரே ஒரு கல்லூரிக்குப் போட்டான்.

நாங்கள் சாயக்காரர்கள். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தம்பியும் நானும் சண்டை போடுவது மட்டும் தமிழில். வீட்டுக்குப் பின்னால் பட்டறை. சுங்குடிச் சேலைக்காரர்களுக்கும் தறிக்காரர்களுக்கும் தாத்தா காலத்திலிருந்து சாயம் போட்டுக் கொடுக்கிறோம். பட்டறையில் எந்த டப்பாவிலும் பெயர் எழுதியிருக்காது. டப்பாவின் கழுத்தில் அந்தச் சாயத்தில் நனைத்த நூல் ஒரு துண்டு கட்டியிருக்கும், அவ்வளவுதான். நூலைப் பார்த்தால் தெரியாதா என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். அரக்கு, மெரூன், கிளிப்பச்சை, பாசிப்பச்சை, மாம்பழக் கலர் என்று நான் எழுதப் படிக்கும் முன்பே சொல்வேனாம். தம்பி மட்டும் பச்சை நூல் கேட்டால் காப்பிக் கலரைக் கொண்டுவந்து நிற்பான். அப்பாவிடம் அதற்கு அவன் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. கவனமில்லாத பயல், வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கிறவன் என்று பட்டறை ஆட்கள் முன்னாலேயே சொல்வார். அவனும் தலையைக் குனிந்துகொண்டு, இனிமேல் கவனமாக இருக்கிறேன்ப்பா என்பான். தனக்குக் கவனம் போதாது என்று அவனே நம்பினான்.

ஆனால் அந்த விமானத்தைச் செய்தபோது அவனிடம் இருந்த கவனத்தை நான் யாரிடமும் பார்த்ததில்லை. அம்மாவின் நகவெட்டியால் ஒவ்வொரு துண்டாக நறுக்கினான். உப்புத்தாளை விரல் அகலத்துக்குக் கிழித்து ஓரங்களைத் தேய்த்தான். பசை ஒரு சொட்டு அதிகமானாலும் பிளாஸ்டிக் உருகிவிடும் என்று ஊசி முனையில் தொட்டு வைத்தான். ஒட்டிய உடம்பு காயும் வரை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தான். மின்விசிறி போட்டால் தூசி ஒட்டும் என்று சொல்லி எங்களையெல்லாம் வேர்க்கவிட்டான். உள்ளே உட்கார வைக்க நகம் அளவில் ஒரு பைலட் பொம்மை இருந்தது. இது யாருடா என்று அம்மா கேட்டாள். நான்தான் என்றான். அம்மா அதற்கும் சேர்த்துத் திருஷ்டி கழித்தாள்.

விமானம் ஒரு சாண் நீளத்துக்கு உருவாகி நின்றதும் பெயிண்ட் பிரச்சினை வந்தது. தாளில் போட்டிருந்தது ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி பெயிண்டின் நம்பர்கள். மதுரையில் யாருக்கும் அது தெரியவில்லை. ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேட்டுக்கு அடிக்கிறதா இருந்தா சொல்லு மாப்ள, தாரேன்" என்றாராம். அதுவரை அந்தப் பிளாஸ்டிக் பொம்மையை ஏறெடுத்தும் பார்க்காத அப்பா, கலர் என்றதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மூடிப் படத்தை நிழலில் வைத்துப் பார்த்தார். பாட்டில் பச்சையும் மூக்குப்பொடிக் கலரும்தான், இதற்கு எதற்கு வெளிநாட்டு நம்பர், நானே கலந்து தருகிறேன் என்றார். சாதாரண எனாமல் பெயிண்டை வாங்கிவந்து காலை முழுவதும் பட்டறையில் உட்கார்ந்து கலந்தார். காயவிட்டுப் பார்த்தார், திரும்பக் கலந்தார். கடைசியில் இரண்டு சின்ன டப்பாக்களில் ஊற்றி, வழக்கம்போல ஒவ்வொன்றின் கழுத்திலும் அந்தந்தக் கலர் நூலைக் கட்டி அவன் கையில் கொடுத்தார். மகனுடைய விமானத்தில் தன் கையும் பட்டுவிட்டது என்று அவருக்குப் பெருமை. சாப்பிடும்போது இரண்டு முறை அதைச் சொன்னார்.

தம்பி மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து அடித்தான். தாளில் எல்லை வரைந்து நம்பர் போட்டிருந்தபடி முதலில் பென்சிலால் திட்டுத் திட்டாகக் கோடு போட்டுக்கொண்டான். அப்பா கொடுக்கும்போது சொன்னதை வைத்து, இடது பக்கம் பச்சை, வலது பக்கம் மற்றது என்று டப்பாக்களை வைத்துக்கொண்டான். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நடுவில் அவன் சாப்பிட இறங்கி வந்த நேரத்தில் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போயிருக்கிறாள். கால் பட்டுக் கொட்டிவிடக் கூடாதே என்று டப்பாக்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, துணியைப் போட்டு முடித்ததும் பழைய இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறாள். இடமும் வலமும் மாறிவிட்டன. நூல்தான் கட்டியிருக்கிறதே, அவள் அதை யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் விமானத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தான். "எப்புடிக்கா இருக்கு?" என்றான்.

வேலை அவ்வளவு சுத்தம். ஒரு பிசிறு இல்லை, ஒரு வழிசல் இல்லை. ஆனால் மூக்குப் பக்கம் பச்சையாக இருக்க வேண்டியது பச்சையாகவும், வால் பக்கம் பச்சையாக இருக்க வேண்டியது மூக்குப்பொடிக் கலராகவும் இருந்தது. இறக்கையில் ஒரு திட்டு பச்சையில் தொடங்கிப் பாதியிலேயே பழுப்பாகியிருந்தது. சாப்பிடப் போகும் முன் அடித்தது ஒன்று, சாப்பிட்டு வந்து அடித்தது வேறு. நான் சிரித்துவிட்டேன். வெளிச்சத்தில் உட்கார்ந்து அடித்தாயா, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாயா என்று கேட்டு, அந்தத் திட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

அவன் குனிந்து பார்த்தான். வாசலுக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எங்கக்கா? இதுல என்ன இருக்கு?" என்றான்.

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் என் சிரிப்பு நின்றுபோனது.

அப்பா எழுந்துவந்து விமானத்தை வாங்கிப் பார்த்தார். வழக்கமாக வருகிற ஏச்சு வரவில்லை. பட்டறைக்குள் போய் ஒரு கை நிறைய நூல் துண்டுகளை அள்ளிவந்து கூடத்தில் பரப்பினார். பச்சையை மட்டும் எடு என்றார். தம்பி ஒரு துண்டை எடுத்தான், அப்பாவின் முகத்தைப் பார்த்தான், கீழே வைத்தான். இன்னொன்றை எடுத்தான், என் முகத்தைப் பார்த்தான். நூலைப் பார்த்ததைவிட எங்களைப் பார்த்ததுதான் அதிகம். இத்தனை வருஷமும் இப்படித்தான் சமாளித்து வந்திருக்கிறான் என்பது எனக்கு அந்த இடத்தில் புரிந்தது. அவனுக்கும் அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் பாதியிலேயே நிறுத்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். "எனக்குத் தெரியலப்பா" என்றான்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த அம்மா, என் தம்பியும் இப்படித்தான் இருந்தான் என்றாள். பரவை மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருக்கும் எங்கள் மாமாவைச் சொன்னாள். சாய வேலை ஏறாத சோம்பேறி என்று அவரை அவருடைய அப்பாவே பட்டறையை விட்டு விரட்டிவிட்டதைத்தான் நாங்கள் கேட்டிருக்கிறோம். மாமா சோம்பேறி இல்லை என்பது அவருக்கு நாற்பது வயதுக்கு மேலான பிறகு எங்கள் கூடத்தில் தெரியவந்தது. அவர் அப்போது அங்கே இல்லை.

கண் டாக்டரிடம் போனோம். புள்ளி புள்ளியாகக் கலர் போட்ட ஒரு புத்தகத்தை விரித்து, இதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். பின்னால் நின்ற எனக்குப் பக்கத்துக்குப் பக்கம் எண்கள் பளிச்சென்று தெரிந்தன. அவன் முதல் பக்கத்தை மட்டும் சரியாகச் சொன்னான். மற்றதில் ஒன்றுமில்லையே டாக்டர் என்றான். பிறவியிலேயே வருவது, அம்மா வழியாகப் பையன்களுக்கு இறங்கும், மருந்து கிடையாது என்றார் அவர். படிக்கலாம், வேலைக்குப் போகலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். விமானம் ஓட்டலாமா என்று அப்பா கேட்டார். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார்.

நிறத்தை வைத்து எனக்கு ஆகப்போவது என்ன இருந்தது? கட்டிக்கொண்டு போகிற வீட்டில் கத்திரிக்காய் வாங்குவதற்கு அந்தக் கண் போதும். தேவைப்பட்டவனுக்கு இல்லாததைத் தேவையில்லாத எனக்கு வஞ்சனையில்லாமல் கொடுத்த சாமி மேல் எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. பல மாதம் நான் கோயிலுக்கே போகவில்லை. அம்மா பாவம், தன் வயிறுதான் அவனைக் கெடுத்தது என்று சாப்பிடாமல் கிடந்தாள். அவன்தான் தட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, ஒன் மூக்கும்தாம்மா எனக்கு வந்திருக்கு, அதுக்கும் அழுவியா என்று கேட்டான். அம்மா சிரித்துக்கொண்டே இன்னும் அழுதாள்.

எழுத்துத் தேர்வின் முடிவு அதற்குப் பிறகு வந்தது. தேறியிருந்தான். தெருவே வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கியது. அப்பா சிரித்த முகமாக எல்லோருக்கும் காப்பி கொடுக்கச் சொன்னார். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்தது. பறக்கும் வேலை இல்லாவிட்டால் தரையில் இருக்கும் வேலை கிடைக்குமே, போய்த்தான் பாரேன் என்று சித்தப்பா எவ்வளவோ சொன்னார். "கீழ நின்னு அண்ணாந்து பாக்குறதுக்கு இம்புட்டு தூரம் போகணுமா சித்தப்பா? இங்க இருந்தே பாக்கலாம்" என்றான். அந்தத் தேதி வந்தது, போனது. கல்லூரியில் பிஎஸ்ஸி சேர்ந்தான். இப்போது டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர். விமானம் என்ற சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டே வெகுகாலம் ஆகிறது.

அவன் கல்லூரிக்குப் போக ஆரம்பித்த சமயத்தில்தான், அலமாரி மேல் கிடந்த விமானத்தை அப்பா எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். உப்புத்தாளால் பழைய பெயிண்டையெல்லாம் பதமாகத் தேய்த்தெடுத்தார். திரும்பவும் பாட்டில் பச்சை கலந்தார், மூக்குப்பொடிக் கலர் கலந்தார். மூடிப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு திட்டையும் அதைப் பார்த்துப் பார்த்து அடித்தார். பாக்கி வேலையெல்லாம் கிடந்தது. தறிக்காரர்கள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷர். மகனை ஏசிய ஏச்சுக்கெல்லாம் அவருக்குத் தெரிந்த ஒரே தொழிலில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தார். மூடிப் படத்துக்கும் அதற்கும் இம்மி வித்தியாசம் கிடையாது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. தம்பி அதை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இறக்கையைப் பார்த்தான், வாலைப் பார்த்தான். நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தொலைடா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"அப்பா, எனக்கு இது முன்னாடி எப்புடி இருந்துச்சோ அப்புடியேதாம்ப்பா இருக்கு" என்றான். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. விமானத்தை அவரிடமே நீட்டினான். "ஒங்களுக்குப் பிடிச்ச மாதிரி வந்திருக்கா?"

அப்பா அதை வாங்கிக்கொண்டார். வந்திருக்குடா என்று சொல்ல வாயெடுத்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்து, பட்டறை ஆட்களுக்குக் கேட்கும்படி அழுதார்.