ஆறாவது குழியும் கவிழ்த்த அன்னக்கூடைகளும்

எண்பதுகளின் நடுவில், தைப்பூசம் முடிந்த வாரம், நான் நெய்வேலிக்குப் போனது கோல்ஃப் ஆடத்தான். சுரங்கத்தில் வேலை பார்த்த என் அக்காள் கணவர், "பெரிய போட்டியே நடத்தலாம் மாப்ள, அப்படி ஒரு மைதானம்" என்று பொங்கலுக்கு வந்தபோது உசுப்பேற்றிவிட்டிருந்தார்.

விருத்தாசலத்தில் பஸ் மாறினால் முக்கால் மணி நேரம். மைதானம் டவுன்ஷிப்பின் ஓரத்தில், முந்திரிக் காட்டை ஒட்டி இருந்தது. இரண்டு ரூபாய் கட்டினால் யாரும் ஆடலாம். ஒன்பது குழிகள். குழியைச் சுற்றிப் புல் கிடையாது, எண்ணெய் தெளித்து இறுக்கிய மணல்தான். பந்து அதில் நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். முதல் ஐந்து குழிகளுக்குள் இரண்டு பந்துகள் முந்திரிக் காட்டுக்குள் போய்விட்டன. பாம்புக்குப் பயந்து நான் தேடப் போகவில்லை.

ஆறாவது குழிக்கு வந்ததும் பாம்பு பயம் சின்னதாகிவிட்டது. ஒரு மேட்டிலிருந்து நூற்றைம்பது கஜம் பந்தைத் தூக்கி அடிக்க வேண்டும். நடுவே, சுரங்கத்திலிருந்து இறைத்துவிடும் தண்ணீர் ஓடும் வாய்க்கால். அதன் கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மாமா மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டினார். உடனே அத்தனை பேரும் அலுமினிய அன்னக்கூடையிலிருந்த துணியைக் கொட்டிவிட்டு, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்தபடியே பேச்சும் தொடர்ந்தது.

என் அடி எப்போதும் வலப்பக்கம் போகும். கூட்டமும் அந்தப் பக்கம்தான்.

"யார் மேலயாவது பட்டுட்டா மாமா?"

"அதுக்குத்தான அன்னக்கூடை? அடிங்க மாப்ள, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

மானத்துக்குப் பயந்து அடித்தேன். பந்து தாழ்வாக வலப்பக்கம் போனது. 'டங்'கென்று ஒரு சத்தம். பேச்சு அடங்கிவிட்டது. ஒரு அன்னக்கூடை உருண்டு தண்ணீரில் விழுந்தது.

ஒரு உயிரை வாங்கிவிட்டோம் என்றே நினைத்து ஓடினேன். என் அக்காள் வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தலையில் காயமில்லை. ஆனால் நிறைமாத வயிறு. அவள் கோபப்படவே இல்லை, கேட்டாள்.

"தலைக்கு அன்னக்கூடை இருக்குதுங்க. வயித்துக்கு இன்னாத்த கவுத்துக்கினு குந்தறது?"

அதற்குள் மேலே தண்டவாளம் மறுபடி ஒலித்தது. அடுத்தவர் ஆட வந்துவிட்டார். மற்றவர்கள் அன்னக்கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார்கள். அவளுடைய அன்னக்கூடை வாய்க்காலோடு போய்விட்டது. அவள் வெறும் தலையோடு வயிற்றின்மேல் குனிந்துகொண்டாள். கையைக் காட்டிக் கத்தினேன், மேலே கேட்கவில்லை. வேறு எதுவும் தோன்றாமல் அவளுக்கும் மேட்டுக்கும் நடுவே போய் நின்றேன்.

பந்து எங்கள் தலைக்கு மேலே விர்ரென்று போனது. யாருக்கும் அடியில்லை. நான் நகர்வதற்கு முன்பே துவைக்கத் தொடங்கிவிட்டாள் அவள்.

அந்த மைதானம் இன்று எப்படியோ தெரியாது. எங்கே ஆடப் போனாலும் அதிகாலையில் போங்கள், பந்துகள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். கீழே ஆள் இருந்தால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு தாண்டி நடங்கள். ஆட்டக் கணக்கில் ஓர் அடி கூடுதலாக எழுதுவார்கள், அவ்வளவுதான். நான் அன்று மேட்டுக்குத் திரும்பவே இல்லை. ஏறக் கால் வரவில்லை.