அழுகை நோட்டு

என் தங்கச்சி சிரித்தால் அடிவயிற்றிலிருந்து சிரிப்பாள். அப்போது அவளுக்கு ஆறு வயது, எனக்குப் பத்து. புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு முதல் மாடி. அவள் சிரிக்க ஆரம்பித்தால் கீழே காய்கறி வண்டிக்காரர் தராசைப் பிடித்தபடி மேலே பார்ப்பார், வாங்க வந்த பெண்கள் பேரத்தை மறந்துவிடுவார்கள். எதற்குச் சிரிக்கிறாய் என்று அவளிடம் கேட்டுப் பயனில்லை. பேச்சு இன்னும் வந்திருக்கவில்லை. மின்விசிறியை அணைத்ததும், நிற்கப்போகிற நேரத்தில் அதன் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும் அல்லவா, அதைப் பார்த்துச் சிரிப்பாள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் பக்கத்தில் படுத்துப் பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அழுகையும் அதே அளவுக்கு வரும். பெரும்பாலும் சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் ஆரம்பிப்பாள். கையைக் கடிப்பாள், தலையைச் சுவரில் முட்டுவாள். அவள் முட்டுகிற இடத்தில் அம்மா பஞ்சு வைத்துத் தைத்த ஒரு பழைய ரஜாயை நான்கு ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தாள். ராத்திரியும் சரியாகத் தூங்கமாட்டாள். காலையில் நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டவர்கள் மாதிரி சிவந்த கண்ணோடு நிற்பார்கள். சண்டை ஒன்றும் நடந்திருக்காது, தூக்கம்தான் நடந்திருக்காது.

பக்கத்து நிக்டியில் அவளுக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில் யாரோ சொன்னார்கள் என்று, ஒருநாள் அப்பா லீவு போட்டு எங்களை லோக்கல் ரயிலில் புனே டவுனுக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய மராட்டிக்கார அம்மா. தங்கச்சி அவருடைய மேசையில் இருந்த பேனாக்களையெல்லாம் எடுத்து வரிசையாக அடுக்கினாள். அவர் தடுக்காமல் தன் பையிலிருந்து இன்னும் இரண்டு பேனா எடுத்துக் கொடுத்தார். எனக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. அரைமணி நேரம் கழித்து அவர் மாத்திரை என்ற வார்த்தையைச் சொன்னார், உடனே பிடிக்காமலும் போயிற்று.

மனச்சோர்வு வந்த பெரியவர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை அது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கும் பதற்றம் அதிகமாக இருந்தால் சில சமயம் கொடுத்துப் பார்ப்பது உண்டாம். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது, சில பிள்ளைகளுக்கு இருப்புக்கொள்ளாமையைக் கூட்டியும் விடும், அதனால் நானும் அவசரப்படமாட்டேன், நீங்களும் அவசரப்படாதீர்கள் என்றாராம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள், எப்போது அழுகிறாள், எவ்வளவு தூங்குகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று. அதைப் பார்த்துவிட்டு மூன்று பேரும் சேர்ந்து யோசிப்போம். இவ்வளவும் பிற்பாடு அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு என் காதில் விழுந்தது மாத்திரை ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. அப்பா கொடுத்துப் பார்ப்போம் என்ற கட்சி. அம்மா வேண்டாம் என்ற கட்சி. தென்காசியிலிருந்த சித்திக்கு அம்மா போன் போட்டாள். சித்திக்குத் தெரிந்தவர்களுக்குத் தெரிந்த யாரோ ஒரு பிள்ளை இருக்குமே, எல்லாக் குடும்பத்திலும் இருக்கும், அந்தப் பிள்ளையின் கதை வந்தது. அம்மா சித்தி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மாத்திர குடுத்தா பிள்ள மந்தமாயிருவாளாம்லா. அழவும் மாட்டாளாம், சிரிக்கவும் மாட்டாளாம்."

அவள் அழாமல் இருப்பது நல்லதுதான், ஆனால் சிரிக்காமல் இருந்தால் அவள் யார்? அன்றைக்கே நான் அம்மா கட்சியில் சேர்ந்துவிட்டேன். யாரும் என்னைச் சேர்க்கவில்லை, நானாகச் சேர்ந்தேன்.

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவர் ராணுவ டிப்போவில் ஸ்டோர் கீப்பர். புத்தகத்தில் எழுதியிருப்பதும் அலமாரியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய மதம். எங்கள் வீட்டு உப்பு ஜாடியில்கூட வாங்கின தேதி ஒட்டியிருக்கும். அவரிடம் போய் ஒரு நோட்டுப் போடச் சொன்னால் கேட்க வேண்டுமா. நீள நோட்டு வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்து, தலைப்பு எழுதினார். நேரம், அழுகை, முட்டுதல், தூக்கம், சாப்பாடு. யார் எழுதியது என்று தெரிய வேண்டும் என்பதற்காக அவருக்கு நீலப் பேனா, அம்மாவுக்குச் சிவப்பு, எனக்குப் பென்சில். அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, சிரிக்கதுக்கும் ஒரு கட்டம் போடுங்க."

"அத டாக்டர் கேக்கலயே."

"நான் கேக்கேம்லா."

அப்பா ஓரத்தில் இருந்த இடத்தில் நெருக்கி இன்னொரு கோடு இழுத்தார். ராத்திரி ஒருநாள் அப்பா முறை, ஒருநாள் அம்மா முறை. முறையில்லாதவர் தூங்க வேண்டும் என்று ஏற்பாடு. பகலெல்லாம் அம்மா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான்கிலிருந்து ஆறு வரைக்கும் என் பொறுப்பு, அந்த நேரத்தில்தான் அம்மா கொஞ்சம் படுப்பாள்.

எனக்குத் தெரிந்த உலகத்தில், நோட்டைத் திருத்தினால் மதிப்பெண் வரும், மதிப்பெண் குறைந்தால் தண்டனை வரும். ஆகவே இது தங்கச்சிக்குப் பரீட்சை, ஃபெயில் ஆனால் மாத்திரை என்று நான் முடிவுகட்டிக்கொண்டேன். அவளைப் பாஸ் பண்ண வைப்பது என் வேலை. முதல் நாளே அவள் அழுததைப் பாதிதான் எழுதினேன். சிரிப்பில் தாராளமாகக் கோடு போட்டேன். பிறகு மனசாட்சி உறுத்தியதால், போட்ட கோட்டுக்கு ஈடாக அவளை நிஜமாகவே சிரிக்க வைத்துவிட்டால் பாவம் கழிந்துவிடும் என்று தோன்றியது. மின்விசிறியைப் போட்டுப் போட்டு அணைத்தேன். தலைகீழாக நின்றேன். ஸ்டேஷன் வேலிப் பக்கம் கூட்டிப்போய் லோக்கல் ரயிலுக்கு டாட்டா காட்டினேன். பதினான்கு நாளில் நான் தங்கச்சியோடு விளையாடிய மாதிரி அதற்கு முன் வருடம் முழுக்க விளையாடியதில்லை.

அது பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தைய மாதம். புனேயில் அந்தச் சமயத்தில் சாயங்காலம் ஆனால் ஊர்வலத்துக்கான டோல் மேளப் பயிற்சி ஆரம்பித்துவிடும். எங்கள் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் முப்பது நாற்பது பேர் இடுப்பில் பெரிய பெரிய டோலைக் கட்டிக்கொண்டு அடிப்பார்கள். சமையலறையில் தட்டெல்லாம் சேர்ந்து ஆடும். அந்தச் சத்தத்துக்குத்தான் தங்கச்சி அழுகிறாள் என்று எங்கள் எல்லோருக்கும் நிச்சயம். அதனால் அம்மா ஐந்தரைக்கே எழுந்து ஜன்னல்களைச் சாத்தி, அவள் காதில் பஞ்சு வைத்து, உள்ளறையில் உட்கார்த்திவிடுவாள். தங்கச்சி அப்படியும் அழுவாள்.

இரண்டாவது வாரம் ஒருநாள் அம்மா அசந்து தூங்கிவிட்டாள். ஜன்னலைச் சாத்த எனக்கும் மறந்துபோயிற்று. டோல் ஆரம்பித்தது. தங்கச்சி அழவில்லை. எழுந்து என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள். செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு தடதடவென்று படியிறங்கினாள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினேன். மைதானத்துக்குப் போனதும் என் காதை நான் பொத்திக்கொண்டேன், அவள் பொத்திக்கொள்ளவில்லை. நேராக முதல் வரிசையில் நின்ற ஒரு அக்காவிடம் போய் அவளுடைய டோலின்மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்தாள். கல்லூரிக்குப் போகிற வயது அந்த அக்காவுக்கு. பிள்ளைக்கு அடிபட்டுவிடும் என்று பயந்து அடிப்பதை நிறுத்தினாள். தங்கச்சி அவள் கையைப் பிடித்துக் கொண்டுவந்து திரும்பவும் டோலின்மேல் வைத்தாள். அதற்கு அர்த்தம் அடி என்பது. அது அந்த அக்காவுக்கும் புரிந்துவிட்டது.

அவள் அடிக்க அடிக்க என் தங்கச்சி டோலின் பக்கவாட்டில் வயிற்றை ஒட்டிவைத்துக்கொண்டு சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. நாற்பது வரைக்கும் எண்ணினேன், அதற்குமேல் என்னால் முடியவில்லை, நானும் குதிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போதுதான் அம்மா வந்தாள். எழுந்து பார்த்திருக்கிறாள், கதவு திறந்து கிடக்கிறது, பிள்ளைகள் இல்லை. ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொன்றில் அப்பாவின் செருப்பு. என்னைப் பார்த்ததும் கையை ஓங்கிக்கொண்டுதான் வந்தாள். தங்கச்சியின் சிரிப்புச் சத்தம் காதில் விழுந்ததும் ஓங்கிய கை அப்படியே நின்றது. புழுதியில் பொத்தென்று உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்து கிட்டப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். வீட்டுக்கு வந்து நோட்டில் சிரிப்புக் கட்டத்தில் நாற்பது என்று எழுதினேன்.

இரண்டு வாரம் முடிந்து திரும்பவும் டாக்டரிடம் போனோம். அப்பா நோட்டை இரண்டு கையாலும் கொடுத்தார். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். முன்னால் போனார், பின்னால் வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து பார்த்தார். பிறகு இந்தியில் கேட்டார், இங்கே உட்கார்ந்திருப்பது ஒரு பிள்ளையா, மூன்று பிள்ளைகளா என்று.

நீல மையில் இருந்த பிள்ளை ராத்திரி முழுக்க அழுதது, ஆறு தடவை, ஏழு தடவை. சிவப்பு மையில் இருந்த பிள்ளை ஒன்றிரண்டு தடவைதான் அழுதது, அடித்துப்போட்டது போலத் தூங்கியது. பென்சிலில் இருந்த பிள்ளை சாயங்காலம் ஆனால் விடாமல் சிரித்தது.

அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், நான் பாதி எழுதல, பயமா இருந்துச்சு என்றாள். உடனே எனக்கு அழுகை பீறிட்டு, நானும் பொய்தான் எழுதினேன், ஆனால் நாற்பது மட்டும் நிஜம், டோல் மேல் சத்தியம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நான் எழுதியதிலேயே அந்த நாற்பதுதான் உண்மை, அதைத்தான் டாக்டர் முதலில் நம்பவில்லை. கதை முழுவதையும் கேட்டதும் அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா சிரித்தாள். பேனா அடுக்கிக்கொண்டிருந்த தங்கச்சி நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள்.

அப்பா சிரிக்கவில்லை. நீங்கள் ஏன் கூட்டி எழுதினீர்கள் என்று டாக்டர் கேட்டபோதும் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அம்மாவின் பக்கம் திரும்பி, நீ ஒருநாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்று கேட்டார். பிள்ளையைப் பற்றிப் பேச வந்த இடத்தில் அம்மாவின் தூக்கத்தைப் பற்றி என்ன பேச்சு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

இன்னும் இரண்டு வாரம் ஒழுங்காக எழுதச் சொன்னார். அழுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதற்கும் ஒரு கட்டம் போட்டார் அப்பா. ஜன்னலைத் திறந்து வைத்தோம், சாயங்காலம் மைதானத்துக்குப் போனோம். சாயங்கால அழுகை பாதியாகக் குறைந்தது. ராத்திரி அழுகை ஒன்றும் குறையவில்லை. மாத்திரையை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம் என்று முடிவானது. எங்கள் கட்சி ஜெயித்துவிட்டதாக நான் தெருவெல்லாம் குதித்தேன். பிள்ளையார் கரைந்ததும் டோல் நின்றுபோயிற்று. அப்புறம் டிப்போவிலிருந்து வந்த அப்பா, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு அடிக்க ஆரம்பித்தார். தாளம் சுத்தமாக வராது. தங்கச்சி பெரிய மனது பண்ணிச் சிரிப்பாள்.

அடுத்த வருடம் மாத்திரையும் ஆரம்பித்தார்கள், மிகக் கொஞ்சமாக. அவளுக்கு அது ஒத்துக்கொண்டது. அதே பயிற்சிக்கு வந்த இன்னொரு பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டார்கள். எங்கள் தங்கச்சியின் சிரிப்பு எங்கேயும் போகவில்லை. ராத்திரியில் வீடு தூங்கியது.

இப்போது அவளுக்கு இருபது தாண்டிவிட்டது. நான் புனேயிலேயே கராடியில் வேலை பார்க்கிறேன். அப்பா ஓய்வுபெற்று நிக்டியில் வீடு வாங்கி, போன மாதம் சாமான்களை மாற்றினார்கள். மூட்டை கட்டும்போது அந்த நோட்டு கிடைத்தது. அதைப் புரட்டிக்கொண்டே அப்பாவைச் சீண்டினேன். உப்பு ஜாடிக்குத் தேதி ஒட்டின மனுஷர், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பொய் எழுதி மாட்டிக்கொண்டீர்களே என்றேன்.

"ஏட்டி, நான் எங்க பொய் எழுதினேன்? வீட்டுல எத்தன தடவ அழுக சத்தம் கேட்டுதோ அத்தன கோடு போட்டேன். யாரு அழுதான்னு எழுத அதுல கட்டம் இல்லயே" என்றார் அப்பா. உள்ளே பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்த அம்மா காதில் விழாமல் மெதுவாகத்தான் சொன்னார்.

பத்து வயதில், அந்த வீட்டில் ஒரே ஒரு ஆள் அழுததைத்தான் நான் கேட்டிருந்தேன்.