ஜெயிச்ச டீமை மாத்தக் கூடாது

மேடவாக்கத்தில் நான் வாடகைக்கு இருக்கும் குடியிருப்பில், வண்டிகள் நிற்கும் கீழ்த்தளத்தில், மோட்டார் அறையை ஒட்டி ஒரு வெறும் சுவர் உண்டு. கிரிக்கெட் சீசன் வந்தால் அதுதான் திரை. முதல் மாடி அங்கிள் தன் புரொஜெக்டரை ஸ்டூலில் வைப்பார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். தேர்வுக் குழுத் தலைவர் போலத்தான் நடந்துகொள்வார். என் வீட்டுக்கு நேர் கீழ் வீட்டைப் பகிர்ந்துகொண்டு இருக்கும் இரண்டு பையன்கள் ஸ்பீக்கர் கொண்டு வருவார்கள். பையன்கள் என்று பழக்கத்தில் சொல்கிறேன். பொத்தேரியில் கல்லூரி முடித்து வேலைக்கு வந்தவர்கள், என்னைவிட ஓரிரு வயதுதான் சின்னவர்கள்.

அந்த வருடம் என்னோடு வீட்டைப் பகிர்ந்திருந்த தோழி கல்யாணமாகிப் போய்விட்டாள். வேறு ஆள் பார்க்க வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். என் வேலை மென்பொருளைச் சோதிப்பது. பாதி நாட்கள் வீட்டிலிருந்தே. மீட்டிங் இல்லாத ஒரு நாள், சாயங்காலம் கடையில் பால் கேட்டபோது தொண்டை கட்டி, குரல் வரவில்லை. சளி என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, காலையிலிருந்து வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அவர்களுடைய கூட்டத்துக்குள் நான் போனது குழாயில் தண்ணீர் வராததால். மோட்டார் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கக் கீழே இறங்கினேன். சுவரில் எங்கள் ஊர் அணி பந்து வீசிக்கொண்டிருந்தது. கீழே மூன்று பேரும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சீசனுக்கு முன்னால் அணி நிர்வாகம் பல வருடம் ஆடிய ஆஃப் ஸ்பின்னரை வேறு ஊர் அணிக்கு ட்ரேட் செய்துவிட்டு, கடைசி ஓவர்களில் அடித்து ஆடும் ஒரு பேட்ஸ்மேனை வாங்கியிருந்தது. சண்டை அதைப் பற்றி.

"அந்தாளை வித்ததுக்கு கோச்சை வித்திருக்கலாம்," என்றான் கண்ணாடி போட்ட பையன்.

"யாருடா வாங்குவான்?" என்றான் மற்றவன். "அடிப்படை விலைக்குக் கூட கை தூக்க மாட்டான் மச்சான்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றார் அங்கிள். "பேட்டிங் ஸ்ட்ராங் பண்ணியிருக்காங்க. இதுக்குப் பேர் பேலன்ஸ்."

"பேலன்ஸா? நடு ஓவர்ல ஒரு விக்கெட் விழுதா பாருங்க அங்கிள்."

நான் மோட்டார் சுவிட்சில் கை வைத்தபடியே சொல்லிவிட்டேன்: "பெஞ்சுல ஒரு லெக் ஸ்பின்னர் இருக்காரே. ஏலத்துல எடுத்து இன்னும் ஒரு மேட்ச் கூடக் கொடுக்கலை. தண்ணி தூக்கிட்டுப் போகவா எடுத்தாங்க?"

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடிப் பையன், "அக்கா, நீங்க இவ்ளோ நாள் எங்க இருந்தீங்க?" என்றான். மூன்றாவது மாடியில் என்று சொன்னேன். அவன் கேட்டது அது இல்லை. "உக்காரும்மா," என்றார் அங்கிள். நாற்காலி மீதி இல்லை. மோட்டார் அறை வாசலில் ஒரு பெயின்ட் வாளி கிடந்தது. அதைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை அன்று ஜெயித்தோம்.

அடுத்த ஆட்டத்தன்று கண்ணாடிப் பையன் என் வீட்டுக் கதவைத் தட்டினான். தோழி போன பிறகு கூரியர்காரரைத் தவிர யாரும் தட்டாத கதவு.

"அக்கா, அங்கிள் கூப்பிடறாரு. அதே வாளி, அதே இடம். வேற டிரெஸ் போட்டுட்டு வந்துடாதீங்க, அன்னைக்கு போட்ட பச்சை சுடிதார்தான்."

"அது துவைக்கப் போட்டிருக்கே."

"ஐயோ," என்றான், உண்மையான கவலையோடு. "சரி, துப்பட்டாவாவது போட்டுட்டு வாங்க."

இப்படித்தான் அவர்களுடைய சட்டம் எனக்குத் தெரிய வந்தது. ஜெயிச்ச டீமை மாத்தக் கூடாது. மைதானத்தில் ஆடும் பதினோரு பேருக்கு இந்தச் சட்டத்தை நிர்வாகம் மதிக்கவில்லை என்பது அவர்களின் நிரந்தரப் புகார். அதனால் தங்கள் கையில் இருந்ததில் கறாராக அமல்படுத்தினார்கள். அங்கிளின் துண்டு இடது தோளில்தான் இருக்க வேண்டும். ஸ்பீக்கரின் மேல் யாரும் டம்ளர் வைக்கக் கூடாது. டாஸ் போடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் பதினோரு பேரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், எழுதிப் படிக்கக் கூடாது. தோற்றால் மறுநாள் காலை பால் வாங்கும் நேரத்தில் கேட் அருகே விசாரணை. "பதினேழாவது ஓவர்ல நீ ஏன்டா எழுந்து போனே?" "அங்கிள், அவசரம்." "அவசரம்னா? டீம் முக்கியமா, அவசரம் முக்கியமா?"

வேலையில் நான் புதியவர்களுக்கு முதலில் சொல்வது, ஒரே சமயத்தில் இரண்டு விஷயத்தை மாற்றிவிட்டு எது காரணம் என்று தேடாதே என்பதுதான். இங்கே துப்பட்டா, துண்டு, வாளி, பிட்ச், டாஸ், எல்லாமே சேர்ந்து மாறிக்கொண்டிருந்தன. ஆனாலும் வாளியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆனால் ஒரு இடத்தில் மூன்று பேர் என்னை எதிர்பார்க்கிறார்கள். நான் தாமதமானால் ஆள் அனுப்புகிறார்கள். இந்த ஊரில் எனக்கு அப்படி வேறு இடம் இல்லை. அந்த வாளியை இழக்கக் கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

என் பதினோரு பேரில் லெக் ஸ்பின்னரை எப்போதும் சேர்த்தே சொன்னேன். "எட்டாவது ஆளா மறுபடியும் அவரா?" என்பார் அங்கிள். "உனக்கு அந்தப் பையன் சொந்தமாம்மா?" எந்த டாஸிலும் அவர் பெயர் வராது. இடைவேளையில் அவர் மஞ்சள் சட்டைக்கு மேல் இன்னொரு சட்டை மாட்டிக்கொண்டு பாட்டில்களோடு ஓடி வருவார். கேமரா அவரைத் தாண்டிப் போய்விடும். "அக்கா, உங்க ஆள் நல்லா ஓடுறாரு," என்பார்கள் பையன்கள்.

திருப்பம் ஒரு போக்குவரத்து நெரிசலில் வந்தது. அன்று அலுவலகம் போயிருந்தேன். ஓ.எம்.ஆரிலிருந்து திரும்பும் வழியில் வண்டிகள் அப்படியே நின்றுவிட்டன. நான் கேட்டைத் தொட்டபோது ஆட்டத்தின் கடைசிப் பகுதி. உள்ளே தண்ணீர் லாரி நின்றிருந்தது. தரைத்தொட்டிக்குள் குழாய் இறங்கியிருந்தது. லாரிக்கார அண்ணன் தொட்டி நிரம்பும்வரை உட்கார இடம் பார்த்து, என் வாளியில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் இவன், பேட்டை வச்சிகினு தூங்கிகினு கீறானா?" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பந்து கூட்டத்துக்குள் போய் விழுந்தது.

நான் உள்ளே ஒரு அடி வைத்தேன். அங்கிள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் கையை உயர்த்தினார். "அங்கேயே நில்லும்மா. வராதே."

அடுத்த பந்தும் கூட்டத்துக்குள் விழுந்தது. கண்ணாடிப் பையன் இரண்டு கைகளையும் கூப்பி, கண்ணால் மாடியைக் காட்டினான். நான் தலையாட்டிவிட்டு, பின்பக்கப் படிக்கட்டு வழியாக மாடிக்குப் போனேன். பையைக்கூட இறக்காமல் பால்கனியில் நின்றேன். அங்கிருந்து சுவர் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். ஜெயிக்கவே முடியாத ஆட்டத்தை ஜெயித்தார்கள். லாரிக்கார அண்ணனைத் தூக்கிச் சுற்றினார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் குடியிருப்புச் சங்கம் இன்றுவரை ஒப்புக்கொள்ளாது. ஆட்டம் இருக்கும் நாளிலெல்லாம் சாயங்காலம் ஒரு லோடு தண்ணீர் சொல்லப்பட்டது. தொட்டி நிறைந்து வழிந்தது. மேடவாக்கத்தில், மே மாதத்தில், எங்கள் வாசலில் மட்டும் சேறு.

என்னிடம் அங்கிள் நேரில் வந்து சொன்னார். சங்கடப்பட்டுத்தான் சொன்னார். "தப்பா எடுத்துக்காதேம்மா. நீ டீம்லதான் இருக்கே. உன் பொசிஷன் மட்டும் மூணாவது மாடி."

"இருக்கட்டும் அங்கிள்."

"ட்ரேட் இல்லை. அப்படி நினைச்சுக்காதே."

கதவு தட்டுவது நின்றது. பதிலாக ஆட்டம் தொடங்கும் முன் அவரிடமிருந்து ஒரு செய்தி வரும்: "வீட்லதானம்மா இருக்கே?" இருக்கிறேன் என்று அனுப்புவேன். ஒரு கட்டைவிரல் வரும். அவ்வளவுதான். வேறு யாரும் அன்றாடம் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதனால் அந்தச் செய்திக்காகவும் காத்திருந்தேன். ஒருமுறை, தாம்பரத்தில் பழைய தோழிகள் படத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆட்டம் இருக்கிறது என்றேன். "யாரோட பாக்கறே?" என்று கேட்டாள் ஒருத்தி. அபார்ட்மென்ட் ஆட்களோடு என்றேன். பொய் என்று சொல்ல முடியாது.

பால்கனியில் உட்கார்ந்து என் பதினோரு பேரை மெதுவாகச் சொல்லிக்கொள்வேன். கீழே சிரிப்பு எழும்போது யார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பேன். என் போனில் ஆட்டம் சில நொடிகள் தாமதமாக ஓடும். அவர்கள் கத்தி முடித்த பிறகுதான் எனக்கு விக்கெட் விழும்.

ஒரு நாள் காலை லாரிக்கார அண்ணனைத் தொட்டி அருகே பார்த்தேன். அவரே பேச்சைத் தொடங்கினார்.

"இன்னாக்கா, உன் சீட்ல நான் குந்திகினு கீறேன்னு கோவமா?"

"அதெல்லாம் இல்லைண்ணா."

"சத்தியமா எனக்கே பேஜாரா கீதுக்கா. ஒரு லோடு எறக்கிட்டு அடுத்த லோடுக்கு ஓடணும். இவங்க வுட மாட்றாங்க. குந்து குந்துன்றாங்க. நீ வந்து குந்துக்கா, நான் அப்டியே எஸ்கேப் ஆவறேன்."

நான் சரி என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒரு வாரம் வராமல் இருந்திருப்பார், வாளி காலியாகியிருக்கும். ஆனால் என் வாயில் வந்தது வேறு: "ஜெயிக்கிற டீமை மாத்தக் கூடாதுண்ணா."

"நீயுமா?" என்று தலையில் அடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

பிறகு தோற்க ஆரம்பித்தார்கள். நடு ஓவரில் விக்கெட் விழவில்லை. கடைசி ஓவரில் அடிக்க வாங்கிய பேட்ஸ்மேன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு காலை கேட் அருகே நானும் விசாரணைக்குள் வந்தேன்.

"வீட்லதானே இருந்தே?" என்றார் அங்கிள்.

"இருந்தேன்."

"பால்கனியிலயா, உள்ளேயா?"

"கொசு அங்கிள். உள்ளே வந்துட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதான்," என்றான் கண்ணாடிப் பையன், ரொம்ப மென்மையாக. அந்தக் காலை எனக்கு நன்றாகவே இருந்தது. குற்றவாளியாகவாவது கேட் அருகே நின்று பேசினேன்.

அடுத்த தோல்வியோடு அணி போட்டியிலிருந்து வெளியேறியது. லீக் சுற்றில் பாக்கி இருந்தது ஒரே ஒரு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மதியம். ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் மாறாத ஆட்டம்.

நான் அதைப் பற்றி முறையாக யோசித்தேன். இப்படிப்பட்ட ஆட்டத்தில்தான் பெஞ்சில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கொடுப்பார்கள். பாதுகாக்க வேண்டிய ராசி எதுவும் மீதி இல்லை. லாரி சொல்லத் தேவையில்லை. வாளி காலியாக இருக்கும். சேலையூர் சர்ச்சில் காலை ஆராதனை முடிந்ததும் கேம்ப் ரோட்டில் யாரோடும் நின்று பேசாமல், முறுக்குப் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் நேராக வந்தேன். சாப்பிட்டேன். பச்சை சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். டாஸுக்கு முன்னால் கீழே இறங்கினேன்.

சுவருக்கு எதிரே ஸ்டூல் இல்லை. திரை இருக்க வேண்டிய இடத்தை மறைத்துக்கொண்டு இரண்டு பைக்குகள் நின்றன. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கும் உதவாத ஆட்டத்துக்கு யார் புரொஜெக்டரைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள்? அதை மட்டும் நான் யோசிக்கவில்லை.

திரும்பி மாடி ஏறியிருக்கலாம். முறுக்கை மடியில் வைத்துக்கொண்டு வாளியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். டாஸ் முடிந்திருந்தது. கேப்டன் மாற்றங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவதாக லெக் ஸ்பின்னரின் பெயரைச் சொன்னார்.

"வந்துட்டார்," என்றேன் சத்தமாக. மோட்டார் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

அவர் பந்து வீச வந்தது நடு ஓவர்களில். முதல் ஓவரில் இரண்டு பவுண்டரி போனது. கேப்டன் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார். அடுத்த ஓவரில், எதிரணியின் பெரிய பேட்ஸ்மேன் முன்னே வந்து அடிக்கப் போய்த் தவறவிட, ஸ்டம்பிங். இரண்டு பந்து தள்ளி இன்னொன்று, எல்பிடபிள்யூ. நான் எழுந்து நின்றேன். கட்டடத்துக்குள் எங்கோ யாரோ கத்தியது போல இருந்தது. எந்த மாடி என்று தெரியவில்லை.

செய்தி வந்து போன் அதிர்ந்தது. அங்கிள்.

"பாத்தியாம்மா? உன் ஆளு! வீட்லதானே இருக்கே?"

"கீழே இருக்கேன் அங்கிள். வாளியில."

மேலே முதல் மாடிக் கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். ஒரு ஆள் இறங்கி வந்தால் முறுக்கைப் பிரிக்கலாம் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் தட்டச்சு செய்துகொண்டிருப்பதாகப் போன் காட்டியது; நின்றது; மறுபடி காட்டியது.

"சரி. அப்ப அங்கேயே இரு. நகராதே. விக்கெட் விழுது."

அதன் கீழேயே கண்ணாடிப் பையனின் செய்தியும் வந்தது. "அக்கா ப்ளீஸ், எழுந்துடாதீங்க. நாங்களும் இங்க கட்டில்லயே அசையாம கெடக்கோம்."

நான் உட்கார்ந்தேன். கேட் பக்கமிருந்து மதிய வெயில் சாய்ந்து உள்ளே வந்து, பைக்குகளைத் தாண்டி, வாளியின் மேலேயே விழுந்தது. நிழல் ஒரு எட்டுத் தள்ளித்தான் இருந்தது. லெக் ஸ்பின்னர் தன் அடுத்த ஓவருக்குப் பந்தை வாங்கிக்கொண்டார். நான் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, நகராமல் இருந்தேன்.