காட்டுப் பாதையில் எதிர்ப்பட்ட அண்ணன்

யாரோ காட்டில் ஒளித்து வைத்த டப்பாவை செல்போன் வரைபடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் விளையாட்டு அது. மகள் அடம்பிடித்ததால், கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு மேலே மலையடிவாரக் காட்டுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம்.

பாறை ஓரமாக இன்னொரு குடும்பமும் அதே டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தது. குனிந்திருந்தவர் நிமிர்ந்தார். என் அண்ணன்! தோட்டத்தைப் பாகம் பிரித்த சண்டையிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

மகள், "பெரியப்பா!" என்று ஓடினாள். அவளும் அண்ணன் மகனும் புதருக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்துக் குதித்தார்கள். அண்ணி என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் என்னிடம் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஏஞ்சாமி, நல்லாருக்கறயா?"

ஆமாங்கண்ணா என்று சொல்லியிருந்தாலே போதும். நானோ மகளைப் பார்த்து, "நேரமாச்சு, வா போலாம்" என்றேன்.

அண்ணன் முகம் வாடியது. ஆனாலும், "சறுக்கும் சாமி, பாத்து எறங்குங்க" என்றார்.

வழியில் மகள் கேட்டாள்: "ஏனுங்கப்பா, பெரியப்பா கேட்டதுக்கு நீங்க பேசவே இல்லீங்களே?"

அன்றிலிருந்து அவரை அழைக்க செல்போனை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். தோட்டத்துக் கோபம் அந்தக் காட்டிலேயே போய்விட்டது. பேசாமல் திரும்பிய வெட்கம்தான் இப்போது என்னைத் தடுக்கிறது.