கதையா நிஜமா என்று கேட்ட சீட்டு

எனக்குப் பன்னிரண்டு வயது முடிந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். எங்கள் தெருவில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் நடந்தது. அதனால் எனக்கு மட்டும் ஏதோ அநியாயம் நடந்துவிட்டதாக அப்போது தோன்றவில்லை. பொழுதுதான் போகவில்லை. திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் எங்கள் வீடு. அப்பாவை அத்தா என்போம்; அத்தா ஆட்டுத்தோல் வாங்கி விற்கும் மண்டி வைத்திருந்தார். என்னைவிட ஏழு வயது மூத்த அண்ணன் அவருடன் இருந்தான். உப்புப் போட்ட தோல்களை உதறித் தரம் பிரிப்பது அவன் வேலை. மாலையில் வீட்டுக்கு வரும்போது இமை மயிரில்கூட உப்புத்தூள் வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

அவனிடம்தான் கேட்டேன். ஊரில் புதிதாக நூல் நிலையம் ஒன்று திறந்திருக்கிறார்களாம், உன் பெயரில் சேர்ந்து எனக்குப் புத்தகம் எடுத்து வருவாயா என்று. அவனுக்கும் படிப்புக்கும் ஆகாது. எழுத்தைப் பார்த்தாலே கொட்டாவி வருகிறது என்பான். ஆனாலும் அடுத்த வாரமே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். என்ன புத்தகம் வேண்டும் என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். "எதாச்சும் குடுங்க" என்று சொல்லியிருக்கிறான்.

அப்படி வந்த முதல் புத்தகம் கோழி வளர்ப்பு. வீட்டில் மூன்று கோழிகள் இருந்தன. புத்தகத்தில் சொன்னபடி ஒவ்வொன்றின் கொண்டையையும் கண்ணையும் சோதித்தேன். அம்மா என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்து வந்தவை கடல் பயணம் பற்றி ஒன்று, வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்த குடும்பக் கதை ஒன்று. பிறகு நிலக்கரிச் சுரங்கம், குழந்தைகளுக்கு வரும் நோய்கள், வடநாட்டில் எங்கோ நடந்த ஒரு கொலையைத் துப்பறியும் கதை. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இருக்காது. அலமாரியில் கைக்கு எட்டியதை அந்த நூலகர் எடுத்துக் கொடுத்திருப்பார் என்று நினைக்கிறேன். எல்லாவற்றையும் படித்தேன். சுரங்கத்தைப் பற்றிப் படித்த வாரம் அடுப்பில் போடும் கரித்துண்டைக்கூடக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. அட்டையும் முதல் சில பக்கங்களும் கிழிந்துபோன புத்தகங்கள் நிறைய வந்தன. எது நடந்தது, எது எழுதியவர் கற்பனை என்று எனக்குப் பிரிக்கத் தெரியாது. ஒரு முறை, தேயிலைத் தோட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு ஊர் ஊராகத் தேடி அலையும் ஒருத்தியைப் பற்றிய புத்தகம் வந்தது. பிள்ளை கிடைக்காமலே புத்தகம் முடிந்துவிட்டது. மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்தப் பொம்பளைக்குப் பிறகு என்ன ஆனது, எந்த ஊரில் இருக்கிறாள் என்று நூல் நிலையத்தில் கேட்டு வரச் சொன்னேன். அண்ணன் திரும்பி வந்து சிரித்தான். அப்படி ஒரு பொம்பளையே கிடையாதாம். அந்த வாரமே நட்சத்திரங்களைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது. இன்று நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் அங்கிருந்து புறப்பட்டது என்று அதில் இருந்தது. எழுதியவன் நன்றாகப் புளுகியிருக்கிறான் என்று நினைத்து ரசித்துப் படித்தேன். நூல் நிலையத்தில் கேட்டால் அது நிஜமாம்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். சந்தேகம் வரும் புத்தகத்தைத் திருப்பி அனுப்பும்போது உள்ளே ஒரு சீட்டு வைப்பேன். 'கதையா, நிஜமா?' என்று மட்டும் எழுதியிருப்பேன். நான் பார்த்தே இராத அந்த நூலகர், அதே சீட்டில் பென்சிலால் 'கதை' என்றோ 'நிஜம்' என்றோ எழுதி அண்ணனிடம் கொடுத்துவிடுவார். ஒரு வார்த்தைக்கு மேல் எழுதியதில்லை. இரண்டு வருடத்தில் எனக்கே அடையாளம் தெரிய ஆரம்பித்தது. சீட்டுகள் குறைந்தன. அந்த இரண்டு வருடம்தான் நான் சந்தோஷமாக இருந்த காலம்.

அண்ணனுக்கு இருபத்திரண்டு நடந்தபோது சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணைப் பேசி முடித்தார்கள். நிக்காஹுக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்தச் சமயத்தில் வந்தது ஒரு மெல்லிய புத்தகம். முன்பக்கம் இல்லை. காசநோயைப் பற்றியது. நெஞ்சுக்கூட்டுப் படம் போட்டு, நோய் எப்படித் தொடங்கும் என்று வரிசையாகச் சொல்லியிருந்தது. விடாத இருமல், சாயங்காலம் லேசான காய்ச்சல், ராத்திரி வேர்வை, காரணம் தெரியாமல் மெலிவது. ஆரம்பத்திலேயே பார்த்தால் ஊசியும் மாத்திரையும் ஓய்வும் கொடுத்துக் குணமாக்கிவிடலாம், தள்ளிப்போட்டால் கஷ்டம் என்றும் இருந்தது.

அண்ணன் மாசக்கணக்காக இருமிக்கொண்டிருந்தான். தோல் தூசி என்று எல்லாரும் சொன்னார்கள். அவன் சட்டையைத் துவைப்பவள் நான். காலையில் முதுகுப் பக்கம் ஈரமாகவே கிடக்கும். கல்யாணத்துக்கு அளவெடுத்த தையல்காரர் போன பெருநாளைக்குத் தைத்ததைவிட இரண்டு பிடி குறைந்திருக்கிறது என்று சொல்ல, எல்லாரும் கேலி பண்ணினார்கள்.

மறுநாள் காலை அவன் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய்ப் புத்தகத்தைக் காட்டினேன். படித்தும் சொன்னேன். அவன் வாய் கொப்பளித்துவிட்டு வாளியை ஓரமாக வைத்தான். பிறகு சொன்னான்.

"ஏ புள்ள, இல்லாத பொம்பளைக்கு மூணு நாளு அழுதவதானே நீ. இதும் அந்த மாதிரிதான் இருக்கும்."

"இல்லண்ணே, இது அப்படியில்லை."

"கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் அத்தாகிட்டயோ அம்மாகிட்டயோ வாயத் தொறக்காத. அம்புட்டு தூரம் பேசி முடிச்சிருக்காங்க."

சீட்டு எழுதிக் கொடுத்தேன். சாயங்காலம் சைக்கிளில் போய்விட்டு வந்தான். வேறு இரண்டு புத்தகம் கொண்டு வந்திருந்தான். சீட்டைக் காணோம். "கதைதானாம்," என்றான். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் சட்டையைக் கழற்றினான்.

நூலகர் பதில் சொல்வதானால் எழுதித்தான் கொடுப்பார். ஒரு தடவைகூட வாயால் சொல்லியனுப்பியதில்லை. அதோடு அந்தப் புத்தகத்தை நானே படித்திருந்தேன். கதை அப்படி இருக்காது என்று எனக்குத் தெரியும். நூலகரிடம் இவன் கேட்கவே இல்லை என்பதும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனாலும் "அப்படியா" என்றேன். அவன் சொன்னதை எடுத்துக்கொண்டால் அன்றைக்கு யாரும் அழ வேண்டியிருக்காது. எனக்குப் பதினைந்து வயது. அதைச் சாக்காகச் சொல்லவில்லை. எத்தனை வயது என்று சொல்கிறேன், அவ்வளவுதான்.

நிக்காஹ் நடந்தது. மதினி வந்தாள். என்னைவிட மூன்று வயது பெரியவள். ஐந்தாவது வரை படித்திருந்தாள். சிரித்தால் கையால் வாயை மறைத்துக்கொள்வாள். புத்தகம் படிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என்ன போட்டிருக்கிறது என்று கேட்பாள். பனிப்பிரதேசத்து மனிதர்களைப் பற்றியும், ஒரு ராணியின் கதையையும் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒன்று இடித்துக்கொண்டே இருக்கும். அண்ணன் அடுத்த அறையில் இருமுவான். அவள் எழுந்து வெந்நீர் எடுத்துக்கொண்டு போவாள்.

ஆறாவது மாதம் ரத்தம் வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு பக்கமும் போய்விட்டது, ஒரு வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டும் என்று அங்கே சொன்னதாக அத்தா திரும்பி வந்து சொன்னார். ஊசி போட்டார்கள். முட்டையும் பாலும் கொடுத்தார்கள். நான்கு மாதம் இழுத்தது. நோன்பு பிறப்பதற்கு ஒரு வாரம் இருக்கும்போது அவனை வண்டியில் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான்.

மதினி இத்தா இருந்தாள். புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் வெளியாட்கள் கண்ணில் படாமல் ஓர் அறையிலேயே இருக்க வேண்டும். நான்தான் சாப்பாடு கொண்டுபோவேன். அவளுடைய சுவாசப் பையையும் சோதித்துப் பார்த்திருந்தார்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள். ஆனாலும் அவள் தட்டை அம்மா தனியாகக் கழுவினாள்.

ஒரு நாள் மத்தியானம் போனபோது அண்ணனின் தகரப் பெட்டி திறந்திருந்தது. அவன் துணிகளை ஏழைகளுக்குக் கொடுக்க எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் மடியில் அந்த மெல்லிய புத்தகம் இருந்தது. நூல் நிலையத்துக்குத் திரும்பிப் போய்விட்டது என்று நான் நினைத்திருந்த புத்தகம். தொலைந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்திருக்கிறான். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் திருப்பித் தரவேண்டிய தேதி முத்திரையாக விழுந்திருந்தது. உள்ளே பக்கம் பக்கமாகப் பென்சில் கோடு. ஓய்வு என்ற இடத்தில், முட்டை என்ற இடத்தில், தனிப் படுக்கை என்ற இடத்தில். 'குணமாகும்' என்ற வார்த்தையின் கீழே இரண்டு கோடு. தோலில் அடையாளம் போடும்போது அண்ணன் இழுக்கிற அதே கோணல் கோடு. வாழ்நாளில் ஒரு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்காதவன், இதை எழுத்துக் கூட்டி முழுதும் படித்திருக்கிறான்.

மதினி முத்திரையின் மேல் விரலை வைத்தாள்.

"இது நிக்காஹுக்கு முந்தின தேதி."

"ஆமா மதினி."

"அவருக்குன்னு புத்தகம் எடுக்க மாட்டாரே. உனக்குத்தானே வந்தது."

"ஆமா."

"அப்ப உனக்கும் தெரியும்."

நான் சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அண்ணன் கதை என்று சொன்னான், நான் நம்பிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மைதான். ஆனால் தட்டைத்தான் நீட்டினேன். அவள் கத்தவில்லை. தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்தவரை என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை. இத்தா முடிந்ததும் அவள் அண்ணன்மார் வந்து கூட்டிப்போனார்கள். அவளுடைய படுக்கையோடு அந்தப் புத்தகத்தையும் அம்மா கொல்லையில் போட்டு எரித்தாள். என்ன புத்தகம் என்று அம்மாவுக்குத் தெரியாது. எழுத்து வாசிக்க வராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு நத்தத்தில் கல்யாணமானது. வீட்டுக்காரருக்குப் புளியும் மாங்காயும் வாங்கி அனுப்பும் வியாபாரம். அவர் நல்ல மாதிரி. படிக்கிறவள் என்று கேள்விப்பட்டு, ஊரிலிருந்த வாசகசாலைக்கு அவரே ஒரு நாள் கூட்டிப்போனார். புத்தக அலமாரியை அன்றுதான் முதன்முதலாக நேரில் பார்த்தேன். கதை ஒரு பக்கம், வரலாறும் விஞ்ஞானமும் ஒரு பக்கம் என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. வேண்டியதை எடுத்துக்கொள் என்றார் அவர். என்னால் எந்தப் பக்கமும் நகர முடியவில்லை. கடைசியில் சமையல் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். பிறகு படிக்கத்தான் செய்தேன், வாரத்துக்கு ஒன்று, இரண்டு. கண் ஓடும், பக்கம் தீரும். கதையில் யார் செத்தாலும் பழைய மாதிரி ஒன்றும் ஆகவில்லை. நிஜமான புத்தகத்தில் எதைத் தெரிந்துகொண்டாலும், தெரிந்து என்ன செய்தாய் என்று ஒரு குரல் கேட்டது.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவை சாணார்பட்டிக்குப் பஸ் ஏறிப் போனேன். மதினி தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அந்த வயதிலேயே நரை விழுந்திருந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். அன்று சொல்லாததை எல்லாம் சொன்னேன். சீட்டு, அண்ணன் சொன்ன பொய், நான் அதைப் பொய் என்று தெரிந்தே வாங்கிக்கொண்டது. அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பாங்களா?"

"தெரியலை மதினி."

"எனக்கும் தெரியலை." கொஞ்ச நேரம் மிஷின் ஓடியது. "இனிமே வராத. கோபத்துல சொல்லலை. நீ வந்துட்டுப் போனா எனக்கு நாலு நாளைக்கு வேலை ஓடாது."

வாசல்வரை அவள் தாயார் கூட வந்தார். குஜிலியம்பாறைப் பக்கம் பெண்டாட்டியை இழந்த ஒருவருக்கு, நாலு பிள்ளைகளாம், இவளைக் கேட்டு வந்தார்களாம். முதல் புருஷன் எதில் போனான் என்று விசாரித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆள் அனுப்பவில்லை. அதைச் சொல்லிவிட்டு அந்த அம்மா, பஸ் வந்துவிடும் போ என்றார். நான் நடந்தேன்.