ஐந்து பேருக்கான அறை

தம்பி வரவில்லை என்று சொன்னபோது நான் கொக்குவில் வீட்டு முற்றத்தில் காரைக் கழுவிக்கொண்டு நின்றேன். தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்ததால் முதலில் சரியாகக் கேட்கவில்லை.

"அக்கா, இந்த முறை சரிவராது போல கிடக்கு. வேலையிடத்திலை லீவு தரமாட்டம் எண்டு நிக்கிறாங்கள்."

"ரிக்கற் போட்டாச்செண்டெல்லோ சொன்னனீ?"

"அதை மாத்தலாம். அடுத்த வருசம் கட்டாயம் வாறம்."

நான் ஓம் என்று சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரைக் காரின் சில்லுகளில் ஊற்றினேன்.

ஒரு கிழமை நாடு சுற்றுவது அவனுடைய யோசனைதான். அம்மா படுக்கையில் கிடந்த காலமெல்லாம் நான் கந்தோர் வேலை, வீடு, மானிப்பாய் ஆஸ்பத்திரி என்றே ஓடினேன். வவுனியாவுக்கு அப்பால் போய்ப் பல வருடம். அம்மா போன பிறகு, ஐம்பது வயது கடந்த நிலையில், கார் ஓடப் பழகி ஒரு பழைய சின்னக் காரை வாங்கினேன். அதைக் கேட்டதும் கனடாவில் இருந்த தம்பிக்கு ஒரே சந்தோசம். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகவும், வடக்குக் கரையில் தொடங்கி மலைக்கு ஏறி, கிழக்குக் கரையால் இறங்கித் திரும்புவோம் என்றும் சொன்னான். பிள்ளைகளுக்குக் கடலும் காட்டவேண்டும், மலையும் காட்டவேண்டும் என்றான். நானும் லீவு எடுத்தேன். ஹப்புத்தளையில் ஒரு வீட்டில் ஐந்து பேருக்கான பெரிய அறையை ஒழுங்கு பண்ணினேன்.

அந்த அறையை வேண்டாம் என்று சொல்லத்தான் மறுநாள் அங்கே தொலைபேசி எடுத்தேன். வீட்டுக்காரப் பெண் நான் வாய் திறக்க முன்னரே, "அக்கா, அஞ்சு பேருக்கும் ராச்சாப்பாடு செஞ்சி வைக்கவா?" என்று கேட்டார். அந்தக் குரலில் இருந்த உற்சாகத்துக்கு முன்னால் எனக்கு வாய் வரவில்லை. ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது நல்லூர்த் திருவிழாக் காலம். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு வெளிநாட்டுப் பிள்ளைகளின் சத்தம். மதிலுக்கு அப்பால் யாரோ ஒரு குழந்தை ஆங்கிலத்தில் அழுதது. அந்தக் கிழமை முழுவதும் வீட்டுக்குள் இருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும் போலிருந்தது. லீவும் இருந்தது, காரும் இருந்தது. வெளிக்கிட்டேன்.

முதல் நாள் திட்டத்தில் இருந்தபடியே எங்கள் கரையைப் பார்க்கப் போனேன். தொண்டைமானாற்றில் கடல் தெரிந்ததும் கண்ணாடியை இறக்கினேன். வல்வெட்டித்துறை கடந்து பருத்தித்துறை வரைக்கும் றோட்டும் கடலும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டே வந்தன. ஆடி முடிந்த கடல், சட்டியில் ஊற்றி வைத்ததுபோல அசையாமல் கிடந்தது. பிள்ளைகள் எந்த இடத்தில் இறங்கக் கேட்டிருப்பார்கள் என்று யோசித்து யோசித்து நானே இறங்கிப் படம் எடுத்து தம்பிக்கு அனுப்பினேன். அவன் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருவிரலைத் தூக்கிக் காட்டினான்.

மணற்காட்டில், சவுக்கு மரங்களுக்குக் கிட்ட, காரைத் திருப்பப் போய்ப் பின்சில்லு மணலில் புதைந்துவிட்டது. மிதிக்க மிதிக்க இன்னும் கீழே போனது. வலை திருத்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் எழும்பி வந்தார்கள். கழுத்தில் செபமாலை போட்டிருந்த ஒருவர், என் வயது இருக்கும், குனிந்து சில்லைப் பார்த்தார்.

"உதுக்குள்ளை ஏன் விட்டனீங்கள்? மிதியாதேங்கோ. பொறுங்கோ, பலகை ஒண்டு வைப்பம்."

வைத்தார்கள், தள்ளினார்கள், கார் ஒரு குலுக்கலோடு றோட்டுக்கு ஏறியது. நான் நன்றி சொன்னபோது அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"தனியவோ வந்தனீங்கள்?"

"இல்லை. ஆக்கள் பின்னாலை வருகினம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியாது. வாயில் தானாக வந்தது.

"என்ன வாகனம்? இஞ்சாலை இறக்க வேண்டாமெண்டு மறிச்சுச் சொல்லுறன்."

"வெள்ளை வான்."

"சரி, நீங்கள் போங்கோ. நான் பாக்கிறன்."

கொஞ்சத் தூரம் போனபின் கண்ணாடியில் பார்த்தேன். அந்த மனிதர் வெயிலில், கையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு, பருத்தித்துறைப் பக்கம் பார்த்தபடி நின்றார். திரும்பிப் போய் உண்மையைச் சொல்லலாமா என்று நினைத்தேன். போகவில்லை. எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

அன்று வீட்டுக்குத் திரும்பி, அடுத்த நாள் விடியக் கண்டி வீதியில் ஏறினேன். மாத்தளையில் ஒரு இரவு தங்கினேன். அதற்கு அடுத்த நாள்தான் மலை. நான் கார் பழகிய ஊரில் ஏற்றம் என்றால் ஒரு பாலம்தான். றம்பொடைக்கு மேல் வளைவுக்கு மேல் வளைவு வந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்த கை இரண்டும் நனைந்துவிட்டன. பின்னால் வந்த வான்கள் ஹோர்ன் அடிக்க, இடம் கண்ட இடமெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி அவற்றை முன்னே விட்டேன். எல்லாவற்றிலும் குடும்பங்கள். யன்னலால் தலை நீட்டியபடி பிள்ளைகள்.

ஒரு வளைவில் திடீரென்று மலை முழுவதும் வெள்ளையாக ஒரு அருவி விழுந்தது.

"அங்கை பார்!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பக்கத்து இருக்கையில் தண்ணீர்ப் போத்தலும் விசுக்கோத்துப் பெட்டியும் இருந்தன. நான் இடது பக்கம் திரும்பிப் பார்த்ததை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஹப்புத்தளைக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம். தேயிலைக்கு நடுவில், சரிவில் ஒட்டிக்கொண்டு நின்ற வீடு. வீட்டுக்காரப் பெண் வாசலுக்கு ஓடி வந்தார். என்னை விடக் கொஞ்சம் இளையவர், தலையில் கம்பளித் தொப்பி. எனக்குப் பின்னால் றோட்டைப் பார்த்தார்.

"வாங்கக்கா. மத்தவங்க எல்லாம் எங்க?"

"வழியிலை வான் பழுதாப் போச்சு. நாளைக்குத்தான் வருவினம்."

"அய்யோ பாவம், சின்னப் பிள்ளைங்கள வச்சிக்கிட்டு," என்றார் அவர்.

அறையில் மூன்று கட்டில்களும், பிள்ளைகளுக்கென்று நிலத்தில் விரித்த ஒரு மெத்தையும் இருந்தன. ஐந்து கம்பளிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. சாப்பாட்டு மேசையில் கோழிக்கறி, உருளைக்கிழங்கு, லீக்ஸ், பெரிய கோப்பை நிறையச் சோறு. சாப்பாட்டுக் கோப்பைகளை ஐந்து இடத்தில் வைத்திருந்தார். நான் ஒரு ஓரத்தில் இருந்து சாப்பிட, அவர் மிச்சம் நாலையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கறியை மூடிவைத்து, "நாளைக்குச் சூடு பண்ணிக் குடுக்கலாம். கோழி நல்லாத்தான் இருக்கும்," என்றார். குளிரில் எனக்கு நித்திரை வரவில்லை. பக்கத்துக் கட்டிலின் கம்பளியையும் எடுத்துப் போர்த்தேன். பிறகு அடுத்ததையும்.

காலையில் யன்னலோரத்தில் தொலைபேசிக்குச் சிக்னல் கிடைத்தது. தம்பியின் மகள் ஒரு படம் போட்டிருந்தாள். நீலம் என்றால் அப்படி ஒரு நீலம். எங்கேயோ ஒரு வெளிநாட்டுக் கடல். தம்பி காற்சட்டையோடு மணலில் இருக்கிறான், மனைவி பக்கத்தில் சிரிக்கிறாள், பிள்ளைகள் இரண்டும் அவன் முதுகில் ஏறித் தொங்குகிறார்கள்.

லீவு கிடைக்காத என் தம்பி.

வெளியில் வீட்டுக்காரப் பெண், "வான் சரியாயிருச்சாக்கா? எத்தன மணிக்கு வருவாங்க?" என்று கேட்டார். நான் போய்க் காரை எடுத்தேன். தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் ஒடுங்கிய றோட்டில் கண்டபாட்டுக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் பனிப்புகார் வந்து மூடியது. முன்னால் காரின் மூக்குக் கூடத் தெரியவில்லை. ஒதுங்கி நிறுத்தி, இரண்டு பக்கத்து விளக்கையும் மின்னவிட்டுவிட்டு அழுதேன். அம்மாவின் செத்தவீட்டில் கூட அப்படி அழவில்லை. அப்போது செய்வதற்கு நிறைய வேலை இருந்தது. ஆக்கள் வந்தார்கள், தேத்தண்ணீர் கொடுக்கவேண்டியிருந்தது. இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை.

பின்பு புகார் கொஞ்சம் விலகியது. றோட்டின் விளிம்புக்குக் கீழே, மலை முடிந்து, தெற்குப் பக்கம் நாடு முழுவதும் விரிந்து கிடந்தது. குளங்கள் ஒன்றிரண்டு மின்னின. இறங்கி நின்று, அது திரும்ப மூடும் வரைக்கும் பார்த்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது அந்தப் பெண் குசினியில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். பெரிய சட்டியில் மா. நான் வாசற்படியில் நின்று சொன்னேன்.

"ஒருதரும் வரமாட்டினம். முதலே தெரியும். உங்களுக்குச் சொல்ல வாய் வரேல்லை. குறை நினையாதேங்கோ."

அவர் குழைப்பதை நிறுத்தவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப அந்தப் பெரிய ரூம்ல ஏன் படுத்துக்கிட்டு? அது ஒரு ஆளுக்குக் குளிரும்கா. இந்தா, அடுப்புக்குப் பின்னால சின்ன ரூம் ஒண்ணு இருக்கு. சூடா இருக்கும். சாமானக் கொண்டு வந்து வைங்க."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து, "ரொட்டி சுடத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அவர் மா உருட்டித் தர நான் தட்டிச் சுட்டேன். முதல் நாள் கோழிக்கறியைச் சூடாக்கி, இரண்டு பேரும் அடுப்படியிலேயே இருந்து சாப்பிட்டோம். எனக்கு ரொட்டி வட்டமாக வருவதில்லை என்று சிரித்தார்.

பின்னேரம் தம்பி தொலைபேசி எடுத்தான்.

"என்னக்கா, இண்டைக்குப் படம் ஒண்டையும் காணேல்லை?"

"இஞ்சை ஒரே பனிப்புகார். ஒண்டும் தெரியேல்லை." பிறகு, "உங்கை கடல் நல்லமோ?" என்று கேட்டேன்.

அவன் பக்கத்தில் எங்கோ அலையின் சத்தம் கேட்டது.

"அக்கா... பிள்ளையள் ஒரே அடம். அங்கை வெக்கை, நுளம்புக்கடி எண்டு... ரிக்கற்றும் மலிவாக் கிடைச்சுது. உங்களுக்குச் சொன்னால் மனவருத்தப்படுவியள் எண்டுதான்..."

"சொல்லியிருக்கலாம், தம்பி. சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிட்டு விட்டிருப்பன்."

"கோவமோ அக்கா?"

"ஓம், கோவம்தான்."

அவனுக்கு நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் இருந்து, எது நடந்தாலும் பரவாயில்லை என்பதுதான் என் பதில். பிள்ளைகளைத் தண்ணீரில் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்தேன். அடுப்புக்குப் பின்னால் இருந்த அறை உண்மையிலேயே சூடாக இருந்தது. அன்று நல்லாக நித்திரை கொண்டேன்.

அடுத்த நாள் மலையை விட்டு இறங்கினேன். எல்ல, வெல்லவாய, மொனறாகலை. காது அடைத்து அடைத்துத் திறந்தது. பொத்துவிலில் திரும்பக் கடல் வந்தது. அங்கிருந்து மட்டக்களப்புக்கு, பிறகு திருகோணமலைக்கு. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நீண்டு போன றோட்டில் சில இடங்களில் எனக்கு முன்னும் ஒருவரும் இல்லை, பின்னும் இல்லை. மாடுகள் மட்டும் குறுக்கே படுத்திருந்தன. வாகரையில் ஒரு தயிர்க்கடை. சட்டியோடுதான் விற்போம் என்றார்கள். வாங்கி, கித்துள் பாணி விட்டு, மர நிழலில் முழுவதையும் தனியாகச் சாப்பிட்டேன். ஒரு குடும்பம் சாப்பிடும் அளவு இருந்திருக்கும்.

நிலாவெளியில் போட்டிருந்த சோட்டிச் சட்டையோடு கடலுக்குள் இறங்கினேன். பள்ளிக்கூடக் காலத்துக்குப் பிறகு கடலில் குளிப்பது அதுதான் முதல்தடவை. சுற்றிவர ஆக்கள் கூட்டம் கூட்டமாக நின்று ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடித்தார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்றபோது அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. தண்ணீர் மேலே இளஞ்சூடாகவும், காலடியில் குளிர்ந்தும் இருந்தது. விரல் நுனிகள் சுருங்கும் வரைக்கும் நின்றேன்.

ஞாயிறு பின்னேரம் கொக்குவிலுக்கு வந்து கேற்றைத் திறந்தேன். முற்றம் முழுவதும் மாவிலை. ஒரு சுண்டு அரிசி அளந்து சோறாக்கி, முட்டை ஒன்று பொரித்தேன். தம்பி இப்போதும் ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறான். முன்பு போல இல்லை. கொஞ்சம் பயந்து, சொல்லுகளைத் தேடித் தேடிக் கதைக்கிறான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் பரவாயில்லை என்று சொல்ல இன்னும் மனம் வரவில்லை. அடுத்த வருடம் வருவதாகச் சொல்கிறான். வரலாம்.

பயணம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, கந்தோருக்குப் போனேன். பக்கத்து மேசைக்காரி என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "என்ன, இப்பிடிக் கறுத்துப் போனியள்?" என்று கேட்டாள். வலது கை முழங்கைக்குக் கீழே, கார் யன்னல் பக்கம் இருந்த இடம் மட்டும், நல்லாகக் கறுத்திருந்தது.