கொக்கி குவால்ட்டரின் ஞானத்தாய்

அமெரிக்காவில் போர்த்துகீசியர் நிறைந்த எங்கள் ஃபால் ரிவரில் குவால்ட்டர் ரெசெந்தஸைத் திட்டாத வீடு இரண்டுதான். ஒரு வீட்டில் கார் கிடையாது. இன்னொன்று அவன் தங்கை எவுஜேனியாவின் வீடு. அங்கேயும் திட்டுவார்கள், ஜன்னலை மூடிக்கொண்டு.

நாற்பத்தொரு வயது ஆளை 'அவன்' என்று எழுதுகிறாளே, எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவளுக்கு மரியாதை எங்கே தெரியப்போகிறது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அவனை அப்படி எழுத எனக்கு உரிமை இருக்கிறது. அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவன் தொழில் கார் இழுப்பது. தப்பான இடத்தில் நிற்கிற காரின் மூக்கில் கொக்கியை மாட்டி, ஆற்றங்கரை யார்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவான். அபராதம் கட்டினால்தான் கார் திரும்பும். அதனால் கொக்கி குவால்ட்டர். சாவு, கல்யாணம் என்று எதுவும் பார்க்கமாட்டான். சவப்பெட்டி தூக்க வந்த ஆறு பேரில் இரண்டு பேருடைய காரை, அவர்கள் பெட்டியைத் தோளில் வைத்திருக்கும்போதே இழுத்தவன். தூய ஆவி திருவிழாவில் வெள்ளிக் கிரீடம் ஊர்வலம் போகிற தெருவில் பங்குத்தந்தையின் கார் நின்றது. அதையும் இழுத்தான். "தெரு காலியா இருக்கணும்னு நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டவரே அவர்தான்" என்றானாம்.

எங்கள் வீட்டுப் பகை ரொட்டியில் தொடங்கியது. பெரிய வியாழன் அன்று அம்மா பேக்கரி முன்னால் காரை நிறுத்தி, பாஸ்கா என்கிற ஈஸ்டருக்கு இனிப்பு ரொட்டி இரண்டு வாங்கினாள். முழு முட்டைகளை ஓட்டோடு மேலே பதித்துச் சுடுவார்களே, அந்த ரொட்டி. பின் சீட்டில் வைத்துவிட்டு, மறந்துபோன சீஸுக்காகத் திரும்பவும் உள்ளே போனாள். வெளியே வந்தபோது காரும் இல்லை, ரொட்டியும் இல்லை. யார்டில் காரை மீட்டபோது ஒரு ரொட்டிதான் இருந்தது.

"ரெண்டு வச்சேன்யா. நாலு முட்டை வச்ச பெருசு எங்கே?" என்றாள் அம்மா.

"காருக்குத்தான் நான் பொறுப்பு. கோழிக்கு இல்ல," என்றான் கொக்கி.

அம்மா அதற்குச் சொன்னதை, உறுதிபூசுதல் வாங்கிய ஒரு பெண் எழுதக் கூடாது.

அடுத்த செப்டம்பரில், கோயிலின் நிலவறையில், ஞானஸ்நானத்தை எண்ணெய் பூசி உறுதிப்படுத்தும் உறுதிபூசுதலுக்கான வகுப்பு தொடங்கிய முதல் நாள், அந்த மனிதன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. பத்தொன்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் வாயை மூடியது அந்த வருடத்தில் அன்றைக்கு மட்டும்தான்.

வகுப்பு எடுப்பவர் டீக்கன் மொனீஸ், பாதிரியாருக்கு அடுத்த படியில் இருப்பவர். சிரிப்பு என்பது தூய ஆவியின் கொடைகளில் வராது என்று நம்புகிறவர். ஏன் வந்தீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

"வெளிய மழை, டீக்கன்," என்றேன் நான், நத்தேர்சியா ரப்போசோ.

கொக்கி முறை வந்தது. "தங்கச்சிக்குக் குழந்தை பொறக்கப்போவுது. நான்தான் ஞானத்தந்தையா நிக்கணும்னு சொல்லிட்டா. உறுதிபூசுதல் வாங்காதவன் நிக்கக் கூடாதாமே."

"சின்ன வயசுல ஏன் வாங்கல?"

"பதினாலு வயசுல வரிசையில நின்னேன். பின்னால நிக்க வேண்டியவன் வரல. வீட்டுக்குப் போயிட்டேன்."

ஆயர், அதாவது பிஷப், நெற்றியில் எண்ணெய் பூசும்போது, ஏற்கெனவே உறுதிபூசுதல் வாங்கிய ஒருவர் பின்னால் நின்று வலது கையைத் தோளில் வைக்க வேண்டும். அவர்தான் ஞானத்தந்தை அல்லது ஞானத்தாய். குவால்ட்டருக்கு நிற்க வேண்டியவன் அவன் அண்ணன் திபேரியோ. அன்றைக்கு அண்ணன் குடித்துவிட்டு வீட்டில் குப்புறக் கிடந்தானாம். கோட்டுப் போட்ட பதினாலு வயதுக் குவால்ட்டர் வீட்டுக்கு வந்து, அண்ணனுடைய காரின் பிரேக்கை எடுத்துவிட்டு, மேட்டுத் தெருவிலிருந்து மில் சுவர்வரை உருள விட்டிருக்கிறான். அவன் இழுத்த முதல் கார் அதுதான், கொக்கிகூட இல்லாமல். அதற்கப்புறம் இருபத்தேழு வருடம் கோயில் வாசலைத் தாண்டவில்லை. எந்தப் பூசைக்கு யார் கார் எங்கே நிற்கிறது என்று பார்க்க மட்டும் வருவான். இதெல்லாம் எவுஜேனியா சொன்னது. கேட்டபோது எனக்கு ஒன்றும் பாவமாக இல்லை. ரொட்டி ஞாபகம்தான் வந்தது.

அந்த வருடம் முழுக்க அவனைப் படுத்தி எடுத்தோம். தலைமை நான்தான். அவன் நாற்காலியில் துணி மாட்டும் கொக்கிகளைத் தொங்கவிட்டோம். நாற்காலியைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் 'இங்கே நிறுத்தக் கூடாது' என்று எழுதினேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "மஞ்சள்ல போடணும். வெள்ளைன்னா சட்டப்படி செல்லாது," என்றான்.

தூய ஆவியின் ஏழு கொடைகளைச் சொல்லச் சொன்னார் டீக்கன். "ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி..." என்று ஆறு வரை வந்து மாட்டிக்கொண்டான்.

"பார்க்கிங்," என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தேன்.

"பார்க்..." என்று தொடங்கி நிறுத்தினான். வகுப்பே உருண்டு சிரித்தது.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. வகுப்பு நடுவில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பான். சத்தமில்லாமல் எழுந்து போவான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்து குறுக்கே நிறுத்திய எவனாவது ஒரு அப்பனின் கார் யார்டுக்குப் போகும். திரும்பி வந்து பைபிளைத் திறப்பான். டீக்கனே இரண்டு தடவை நடந்து வீட்டுக்குப் போனார்.

உறுதிபூசுதலுக்கு ஒரு புனிதரின் பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு கார்டில் அந்தப் பேரும், ஏன் அந்தப் பேர் என்று ஒரு வரியும் எழுத வேண்டும். ஆயர் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். நான் அப்பொலோனியாவை எடுத்தேன். பல்வலிக்குப் புனிதர், எனக்குப் பல்வலி. கார்டுகளை டீக்கன் ஒரு ஷூ பெட்டியில் வைத்திருந்தார். பெட்டிக்குப் பூட்டு இல்லை. அது என் தப்பில்லையே.

கொக்கியின் கார்டில் 'கிறிஸ்டோபர்' என்று இருந்தது. ஆற்றில் ஆட்களைத் தோளில் சுமந்து கரை சேர்த்த புனிதர். கீழே பெரிய பெரிய எழுத்தில் காரணம்: 'அவரும் இழுத்துக்கிட்டுப் போறவர்தான். திட்டு வாங்கியிருப்பார்.'

நான் சிரித்தேன். கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு புதுக் கார்டு எழுதினேன். 'திமாஸ்.' இயேசுவின் பக்கத்துச் சிலுவையில் தொங்கிய திருடன். 'காரணம் ஊருக்கே தெரியும்.'

மே மாதம் ஒரு சனிக்கிழமை ஆயர் வந்தார். குழந்தைக்கு மறுநாள் ஞானஸ்நானம். மூன்று வாரக் குழந்தையோடு எவுஜேனியா வீட்டில் இருந்தாள். கொக்கி இன்றைக்கு உறுதிபூசுதல் வாங்கவில்லையென்றால் அவள் புருஷனின் சித்தப்பா மகன் ஞானத்தந்தையாக நிற்பான். அவன் புதுக் கோட்டே வாங்கிவிட்டான்.

வரிசையில் கார்டுகளைக் கொடுத்தார்கள். பேர் வரிசைப்படி ரப்போசோவுக்குப் பின்னால் ரெசெந்தஸ். கொக்கி பழுப்புக் கோட்டில் நின்று கார்டைப் படித்தான். என் பின்மண்டையைப் பார்த்தான். எனக்கு அது தெரிந்தது.

"வால் வச்ச எழுத்து. உன்னுது."

"நிரூபிங்க."

"வெளிய வா, சொல்றேன்."

டீக்கன் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். "உங்க ஆள் எங்கே?"

"வருவான். ஃபௌஸ்தோ. யார்டுல வாட்ச்மேன்."

"வரலைன்னா ஓரமா நில்லுங்க. ஆள் இல்லாம முடியாது. அடுத்த வருஷம் பாக்கலாம்."

திருச்சபைச் சட்டத்தில் 'கூடுமானவரை' ஒருவர் நிற்க வேண்டும் என்றுதான் இருக்கிறதாம். பிற்பாடு பங்குத்தந்தை சொன்னார். அதை அன்று யாரும் படித்திருக்கவில்லை, டீக்கன் உட்பட.

வரிசை நகர்ந்தது. கொக்கி கதவைப் பார்த்தான். போனைப் பார்த்தான். டீக்கன் முன்வரிசைகளுக்குப் போய்த் தாழ்ந்த குரலில், "இவருக்கு யாராவது வந்து நிக்கிறீங்களா?" என்று கேட்டார். முன்னூறு பேர் இருந்தார்கள். பாதிக்கு மேல் எண்ணெய் வாங்கிய நெற்றிகள். எல்லாருமே என்றாவது ஒரு நாள் யார்டுக்கு நடந்து போனவர்கள். ஒருவர் கூரையை ஆராய்ந்தார். ஒரு அம்மா கைப்பைக்குள் எதையோ ரொம்ப நேரம் தேடினாள்.

"நடக்கட்டும்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "நாங்க நடந்தோமே."

சிரிப்பு. நான்கூடச் சிரித்திருப்பேன். ஆனால் திரும்பிப் பார்த்துவிட்டேன். அவன் இடது கையால் வலது தோளைத் தட்டிக்கொண்டான், தூசு இருக்கிற மாதிரி. கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை. அங்கே தூசு இல்லை. அதைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதி.

என் முறை வந்தது. சித்தி கிராசாவின் கை என் தோளில். ஆயரின் கட்டைவிரல் என் நெற்றியில் சிலுவை போட்டது. "அப்பொலோனியா, தூய ஆவியின் கொடையாகிய முத்திரையைப் பெற்றுக்கொள்."

"ஆமென்."

திரும்பினேன். கொக்கி ஏற்கெனவே வரிசையைவிட்டு ஓரமாக ஒரு அடி வைத்திருந்தான். பதினாலு வயதில் வைத்த அதே அடியாகத்தான் இருக்கும்.

"டீக்கன், நான் நிக்கிறேன்."

"நீ இப்பத்தானே வாங்கினே?"

"ஆமா, எண்ணெய்கூடக் காயல. ஆனா அழியாத முத்திரைன்னு நீங்கதானே சொன்னீங்க. நிக்கறதுக்குப் பதினாறு வயசு வேணும்னீங்க, அதுவும் ஆயிடுச்சு, எட்டாவது ரெண்டு தடவை படிச்சதுல வந்த ஒரே லாபம்."

"நத்தி, வாடி இங்கே," என்று சித்தி பல்லைக் கடித்தாள்.

ஆயருக்குக் காது நன்றாகக் கேட்கும் போலிருக்கிறது. "வரட்டும்," என்றார்.

எட்டிக் கை வைக்க வேண்டியிருந்தது. கோட்டில் பூச்சி உருண்டை நாற்றமும் டீசல் நாற்றமும். தோள் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது, என்ஜின் அணைக்காமல் நிறுத்திய லாரி மாதிரி.

ஆயர் கார்டை வாங்கினார். புருவம் உயர்ந்தது. "திமாஸ்?"

"கார்டு தப்பு, ஆயரே," என்றேன். "மாத்தினது நான்தான். அவர் எழுதினது கிறிஸ்டோபர்."

டீக்கனிடமிருந்து குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"கார்டு சரிதான், ஆயரே," என்றான் கொக்கி, திரும்பாமலே. "பொண்ணுக்குப் பேச்சு ஜாஸ்தி."

"எந்தப் பேர், தெளிவா சொல்லுங்க."

"திமாஸ்."

எண்ணெய் பூசினார். "ஆமென்," என்ற குரல் அவனுடையதா என்று சந்தேகமாக இருந்தது.

வெளியே படிக்கட்டில் அவனைப் பிடித்தேன். "ஏன் அந்தப் பேரையே வச்சீங்க?"

"கிறிஸ்டோபர்னு வச்சா, காரைச் சும்மா இறக்கிவிடுன்னு ஊரே கேக்கும். திருடன்கிட்ட எவனும் கேக்க மாட்டான்." இரண்டு படி இறங்கினான். "அவனுக்குப் பக்கத்துல ஒரு ஆளாவது இருந்துச்சு," என்றான், தெருவில் நின்ற ஒரு காரைப் பார்த்து.

ஃபௌஸ்தோ கடைசிவரை வரவில்லை. வேறு கம்பெனி வண்டி அவன் காரை இழுத்துவிட்டதாம்.

மறுநாள் ஞானஸ்நானத்தில் குவால்ட்டர் கண்ணாடி ஏற்றிய வண்டியை ஓட்டுகிற மாதிரிக் குழந்தையைப் பிடித்துக்கொண்டு நின்றான். புதுக் கோட்டுக்காரன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை எங்கள் கார் காணாமல் போனது. யார்டுக்குப் போன் செய்தேன்.

"உங்க ஞானத்தாய் பேசுறேன்."

"சொல்லுங்கம்மா."

"எங்க அம்மா காரை இழுத்திருக்கீங்க."

"தீயணைப்புக் குழாய் முன்னாடி நின்னா, பாட்டியா இருந்தாலும் இழுப்பேன்."

அம்மா வழி முழுக்க அவனையும், அவனுக்குத் தோள் கொடுத்த என்னையும் திட்டிக்கொண்டே வந்தாள். யார்டில் அவன் வெளியே வரவேயில்லை. ஃபௌஸ்தோதான் ரசீதைக் கொடுத்துக் காரை விட்டான். காரின் பின் சீட்டில், பேக்கரித் தாளில் சுற்றி, ஒரு பெரிய இனிப்பு ரொட்டி இருந்தது. அம்மா தாளைப் பிரித்தாள். மேலே மூன்று முட்டைகள். நாலாவது இருந்த இடத்தில் வெறும் குழி.

அம்மா வாயைத் திறந்தாள்.

"விடும்மா," என்றேன். "பையனுக்குப் பசிச்சிருக்கும்."